வாசகர் கேள்வி – பதில்: புதிய பெல்ட் போட்டும் நிற்காத கிறீச் சத்தம்

கேள்வி: ஐயா, என்னிடம் 1993ஆம் ஆண்டு ஜப்பானியக் கார் ஒன்று உள்ளது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் பொனட்டுக்குள்ளிருந்து கிறீச்சென்ற சத்தம் எழுந்து, சிறிது நேரம் கழித்தே அடங்குகிறது. மழை நாட்களில் அது இன்னும் மோசம். கராஜில் அல்டனேட்டர் பெல்ட்டை மாற்றினார்கள். சில வாரங்களில் சத்தம் திரும்பிவிட்டது. பிறகு இறுக்கிப் பார்த்தார்கள், ஸ்பிரே அடித்தார்கள். இப்போது மறுபடியும் பெல்ட் மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: இப்போதைக்கு மாற்ற வேண்டாம். பெல்ட் எதனால் வழுக்குகிறது என்று தெரியாமல் மாற்றினால், அடுத்த பெல்ட்டும் சில வாரங்களில் இதே கதிக்குத்தான் ஆளாகும்.

ஸ்டார்ட் செய்யும்போது பற்றரியிலிருந்து பெருமளவு மின்சாரம் செலவாகிறது. அதை ஈடுசெய்ய, பெல்ட் சுழற்றுவதால் மின்சாரம் உண்டாக்கும் அல்டனேட்டர் அடுத்த சில நிமிடங்களுக்குக் கடுமையாக உழைக்க வேண்டியிருப்பதால், பெல்ட்டின் மீது விழும் சுமையும் அந்த நேரத்தில்தான் அதிகம். பற்றரி நலிந்திருந்தால் இச்சுமை நெடுநேரம் நீடிக்கும். காலி வீதி நெரிசலில் ஏசியைப் போட்டுக்கொண்டு குறுகிய தூரமே ஓடும் கார்களில் பற்றரி முழுமையாகச் சார்ஜ் ஆவதே அரிது. ஆகவே முதலில் பற்றரியைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, என்ஜின் சும்மா ஓடிக்கொண்டிருக்கும்போது சத்தம் வரும் வேளையில், உடையும் கையும் சிக்காதபடி எட்ட நின்று, பெல்ட்டின் உட்புறத்தில் சிறிதளவு தண்ணீரைத் தெளித்துப் பாருங்கள். சத்தம் ஒரு கணம் நின்று மீண்டும் வந்தால் பெல்ட் சுற்றி ஓடும் கப்பிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று கொள்ளலாம்; சத்தம் கூடினால் பெல்ட் வழுக்குகிறது. மழையில் கூடுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதால், உங்கள் காரில் இரண்டாவதே நடக்கிறது என்று நினைக்கிறேன்.

புதிய பெல்ட் ஏன் வழுக்க வேண்டும்? பெரும்பாலும், புதிதாகப் பூட்டிய பெல்ட் சில நூறு கிலோமீற்றர் ஓடியதும் சற்றுத் தளர்ந்துவிடும் என்பதும், அப்போது ஒருமுறை சரியாக இறுக்க வேண்டும் என்பதும் கவனிக்கப்படாமல் போவதே காரணம். தளர்ந்த நிலையில் தொடர்ந்து வழுக்கிய பெல்ட்டின் உட்புறம் சூடேறிக் கண்ணாடிபோல் பளபளத்துவிடும். அதன்பின் எவ்வளவு இறுக்கினாலும் அதற்குப் பிடிமானம் வராது. வேறு காரணங்களும் உண்டு. என்ஜினை நிறுத்தி, சாவியை எடுத்து, பற்றரியின் நெகட்டிவ் வயரையும் கழற்றிய பின் பெல்ட்டைக் கழற்றச் சொல்லி, நீங்களும் அருகில் நின்று பாருங்கள். அல்டனேட்டர் கப்பியைக் கையால் சுழற்றினால் கரகரப்பில்லாமல் சுற்ற வேண்டும். கரகரத்தால் பெயாரிங் தேய்ந்திருக்கிறது. என்ஜினைக் குளிர்விக்கும் திரவத்தை (கூலன்ட்) ஓடவைக்கும் வோட்டர் பம்பின் கப்பியைப் பிடித்து ஆட்டினால் அது ஆடக்கூடாது. பம்பின் அடியில் கூலன்ட் காய்ந்த கறையோ, என்ஜினின் முன்புறத்தில் எண்ணெய்க் கசிவோ இருந்தால், அதைத் திருத்தாமல் பெல்ட் மாற்றுவது வீண் செலவு. கப்பியின் பள்ளங்களில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள்: கடற்கரையை ஒட்டி நிறுத்தப்படும் கார்களில் உப்புக்காற்றினால் துரு படிந்து சொரசொரப்பாகி, புதிய பெல்ட்டையும் அராவித் தின்றுவிடும். துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்து அகற்றலாம். பள்ளமே தேய்ந்திருந்தால் கப்பியை மாற்றத்தான் வேண்டும்.

ஸ்பிரேயை இனி அடிக்க விடாதீர்கள். அது சத்தத்தைச் சில நாட்களுக்கு மறைக்குமே தவிர, தூசியைப் பிடித்து வைத்து இறப்பரையும் கெடுத்துவிடும். அளவுக்கு மீறி இறுக்குவது அதனிலும் கேடு. அல்டனேட்டரின் பெயாரிங்கும் வோட்டர் பம்பும் சேர்ந்து பழுதாகும். இரண்டு கப்பிகளுக்கு இடைப்பட்ட நீளமான பகுதியின் நடுவில் பெருவிரலால் பலமாக அழுத்தினால், பெல்ட் ஏறக்குறைய 10 மில்லிமீற்றர் உள்ளே போக வேண்டும் என்பது பொதுவான அளவு. உங்கள் காருக்குரிய கைநூல் வேறு அளவு தந்திருந்தால் அதையே பின்பற்றுங்கள். இறுக்கும்போது அல்டனேட்டரின் மெல்லிய அலுமினிய உடலில் கம்பி கொடுத்து நெம்ப விடாதீர்கள், அதில் விரிசல் விழுந்துவிடும்.

இவையெல்லாம் பார்த்த பிறகு, இப்போதுள்ள பெல்ட் பளபளத்தோ எண்ணெய் ஊறியோ இருந்தால் புதிது வாங்குங்கள். வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது பழைய பெல்ட்டைக் கையில் கொண்டுபோய், அதன் முதுகில் அச்சிட்டிருக்கும் எண்ணைக் காட்டிக் கேளுங்கள். 4பிகே 880 என்றிருந்தால் உட்புறத்தில் நீளவாக்கில் நான்கு வரிகள், 880 மில்லிமீற்றர் நீளம் என்று பொருள். “இதுவும் சரியாகும்” என்று சற்று நீளம் கூடியதைத் தந்தால் வாங்காதீர்கள். கடையில் நெடுங்காலம் கிடந்து விறைத்துப்போன பெல்ட்டும் வேண்டாம். வளைத்துப் பார்த்தாலே தெரியும்.

கேள்வி: என் பழைய காரிலும் பெல்ட் சத்தம் போடுகிறது, ஆனாலும் ஓடுகிறது. இப்படியே யாழ்ப்பாணம் போய்வரலாமா?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: போகாதீர்கள். பல பழைய கார்களில் வோட்டர் பம்பைச் சுழற்றுவதும் அதே பெல்ட்தான். வழியில் அது அறுந்தால் பற்றரி விளக்கு எரியும், அடுத்த சில நிமிடங்களில் வெப்பமானி மேலே ஏறும். அப்போதும் ஓட்டினால் என்ஜின் ஹெட் வளைந்துவிடலாம். பெல்ட்டைச் சரிசெய்துகொண்டு, அதே எண்ணுள்ள இன்னொன்றையும் பொருத்தமான ஸ்பனரையும் டிக்கியில் வைத்துக்கொண்டு புறப்படுங்கள்.