தண்ணீர் ஊற்றி வைத்த சோறு

கேள்வி: எனக்கு வயது 39. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வீட்டில் மனைவி, இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள். ஆறு வருடமாகத் தினமும் இரவு எட்டரைக்கு வேலை முடிந்ததும் உடம்பு அசதிக்குக் குடிப்பேன். இப்போது ஒரு குவார்ட்டர் பிராந்தி. அதற்கு மேல் போனதில்லை, சண்டை சச்சரவும் கிடையாது. முன்பு பீர்தான். பீர் தொப்பை போடும் என்று நண்பர்கள் சொன்னதால் இரண்டு வருடத்துக்கு முன் பிராந்திக்கு மாறினேன். ஆனாலும் தொப்பை ஏறிக்கொண்டே போகிறது. எடை மூன்று கிலோதான் கூடியிருக்கிறது, பேண்ட் சைஸ் இன்னும் 34தான். காலையில் 45 நிமிடம் நடக்கிறேன். இரவுச் சாப்பாட்டைக்கூட நிறுத்திவிட்டேன். கடையில் சாப்பிடும் சைடு டிஷ்ஷோடு சரி, என் பங்குச் சோற்றில் மனைவி தண்ணீர் ஊற்றி வைத்துவிடுவாள். இதற்கு மேல் எதைக் குறைப்பது? கொழுப்பைக் கரைக்க மாத்திரை இருக்கிறதா? ஜிம்மில் சேரட்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், திருப்பூர்

பதில்: தம்பி, குடித்துக்கொண்டே தொப்பையைக் கரைக்க மாத்திரை எதுவும் இல்லை. கடையில் விற்கிற பவுடர், கேப்சூல்களை வாங்கி விழுங்காதீர்கள். அவற்றில் சில ஈரலையே கெடுக்கும். உங்கள் ஈரலுக்கு ஏற்கெனவே சுமை அதிகம்.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில்தான் என் மனம் நிற்கிறது. "என் பங்குச் சோற்றில் மனைவி தண்ணீர் ஊற்றி வைத்துவிடுவாள்." நீங்கள் பத்தியம் இருப்பதற்குச் சாட்சியாக இதை எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சோற்றை மறுநாள் காலையில் யார் சாப்பிடுகிறார்கள் என்று எழுதவில்லை. நீங்கள் சாப்பிடுவதில்லை, அது மட்டும் தெரிகிறது.

ஒன்றரை ஷிப்ட் முடிந்து எட்டரைக்கு வெளியே வருகிறீர்கள். டாஸ்மாக் பத்து மணிக்குத்தான் மூடுகிறது. அந்த ஒன்றரை மணி நேரமும் உங்கள் வீட்டு அடுப்படியில் மூன்று பேருக்கு வடித்த சோறு ஆறிக்கொண்டிருக்கிறது. மகள் சாப்பிட்டுத் தூங்கிவிடுகிறாள். மனைவி கதவுச் சத்தத்துக்குக் காது கொடுத்துக் காத்திருந்து, நீங்கள் வந்து "வேண்டாம்" என்றதும் சட்டியில் ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி மூடுகிறார். இதை நீங்கள் டயட் என்கிறீர்கள். வீட்டுச் சாப்பாட்டைத் தள்ளிவிட்டுக் கடைச் சாப்பாட்டைச் சாப்பிடுகிறீர்கள், நடப்பது அவ்வளவுதான். கணக்கைப் பாருங்கள்.

180 மில்லி குவார்ட்டர் பாட்டிலின் லேபிளில் 42.8 சதவீதம் என்று இருக்கும். அதாவது 77 மில்லி சுத்தமான ஆல்கஹால், எடையில் சுமார் 60 கிராம். ஒரு கிராம் ஆல்கஹாலுக்கு 7 கலோரி. மாவுச்சத்துக்கு 4, கொழுப்புக்கு 9. ஆக, குவார்ட்டர் மட்டுமே 420 கலோரிக்கு மேல். ஆறேழு இட்லிக்குச் சமம், ஆனால் இட்லியில் இருக்கும் சத்து எதுவும் அதில் இல்லை. கலந்து குடிக்கக் கலர் வாங்கினால் 250 மில்லிக்கு இன்னொரு 100 சேரும். டபுள் ஆம்லெட் எண்ணெயோடு 240, ஐம்பது கிராம் வறுத்த வேர்க்கடலை 280. ஆயிரத்தைத் தொட்டாயிற்று. வீட்டில் நீங்கள் வேண்டாம் என்ற ஒரு தட்டுச் சோறு, ரசம், பொரியல் எல்லாம் சேர்த்தாலும் 450ஐத் தாண்டுவது கஷ்டம். காலையில் 45 நிமிட நடையில் கரைவது 200 சொச்சம்.

'ஒரே ஒரு குவார்ட்டர்' என்று மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டாம். ஒரே அமர்வில் 60 கிராம் ஆல்கஹால் உள்ளே போனால் அது மிதமிஞ்சிய குடி என்கிறது உலக சுகாதார நிறுவனம். நீங்கள் அந்தக் கோட்டின் மேல் தினமும் உட்கார்ந்திருக்கிறீர்கள்.

பீர், பிராந்தி விஷயத்தில் நண்பர்கள் சொன்னது பாதி. பிராந்தியில் சர்க்கரையும் இல்லை, கொழுப்பும் இல்லை, உண்மைதான். ஆனால் 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 650 மில்லி பாட்டிலில் ஆல்கஹால் சுமார் 41 கிராம், உங்கள் குவார்ட்டரில் 60. ஒரு பாட்டில் பீரை விட்டுவிட்டு ஒரு குவார்ட்டருக்கு வந்திருந்தால் நீங்கள் ஆல்கஹாலைக் கூட்டியிருக்கிறீர்கள்.

கொழுப்பே இல்லாத பிராந்தி எப்படிக் கொழுப்பு சேர்க்கும்? உங்கள் தொழிலிலேயே சொல்கிறேன். நாளைக்கு ஷிப்மென்ட் என்று ஒரு அவசர ஆர்டர் வந்தால் கட்டிங் டேபிளில் அதுதான் முதலில் ஏறும். மற்ற துணியெல்லாம் ரோல் ரோலாகக் குடோனில் அடுக்கப்படும். ஆல்கஹாலைச் சேர்த்து வைக்க உடம்பில் இடம் கிடையாது. அது நஞ்சு என்பதால் ஈரல் மற்ற வேலையை ஒதுக்கிவிட்டு அதைத்தான் முதலில் எரிக்கும். மணிக்கு ஏறக்குறைய 8 கிராம், ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். ஒன்பது மணிக்குக் குடித்த 60 கிராம் தீர விடிகாலை நாலு மணி தாண்டிவிடும். அதுவரை உடம்பில் கொழுப்பு எரிவது அடங்கிக் கிடக்கும். ஆம்லெட்டின் எண்ணெயும் கடலையின் எண்ணெயும் குடோனுக்குப் போகும். ஈரலுக்குள் கொழுப்பு கரைவது குறைந்து, புதிதாகச் சேர்வது கூடும். ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்கிற கொழுப்பு ஏறும். ஆணுக்கு அந்தக் குடோன் பெரும்பாலும் வயிற்றுக்குள்ளே, குடலையும் ஈரலையும் சுற்றி இருக்கிறது. கையால் கிள்ளிப் பிடிக்க முடிகிற தோலடிக் கொழுப்பைவிட ஆபத்தானது இந்த உள்கொழுப்புதான். சர்க்கரை நோய்க்கும் மாரடைப்புக்கும் வழி போடுவது அதுவே.

எடை மூன்று கிலோதான் என்று நிம்மதி வேண்டாம். நம் நாட்டு ஆண்களுக்கு எடை பெரிதாக ஏறாமலே வயிற்றுக்குள் கொழுப்பு நிறையும். பேண்ட் சைஸ் 34 என்பதும் அளவே இல்லை. பெல்ட் தொப்பைக்குக் கீழே இறங்கிவிட்டது, அதனால்தான் சைஸ் மாறவில்லை. நாள் முழுக்கக் கால் இஞ்ச் பிசகாமல் அளக்கிற கை உங்களுடையது. அந்த இஞ்ச் டேப்பை உங்கள் மேலேயே வையுங்கள். காலையில் வெறும் வயிற்றில், சட்டையைக் கழற்றிவிட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றுங்கள். இறுக்காதீர்கள், வயிற்றை எக்காதீர்கள், மூச்சை இயல்பாக விட்டு முடிக்கும்போது படியுங்கள். இந்திய ஆணுக்கு எல்லை 90 சென்டிமீட்டர், சுமார் முப்பத்தைந்தரை இஞ்ச். மாதம் ஒருமுறை அளந்து தேதி போட்டு எழுதி வையுங்கள்.

இந்த வாரமே ஒரு டாக்டரைப் பாருங்கள். ஆறு வருடமாகத் தினமும் குடி, இரண்டு வருடமாக ஒரு குவார்ட்டர் பிராந்தி என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். எப்போதாவது என்று சொன்னால் டாக்டர் வேறு நோயைத் தேடிக்கொண்டிருப்பார். வயிறு ஸ்கேன், ஜிஜிடி என்கிற ஈரல் நொதியும் சேர்ந்த ஈரல் பரிசோதனை, வெறும் வயிற்றில் டிரைகிளிசரைடு, மூன்று மாதச் சர்க்கரை அளவைக் காட்டும் எச்பிஏ1சி, ரத்த அழுத்தம், இவை வேண்டும். கொழுப்பு ஈரலோடு நிற்கிற கட்டமாக இருந்தால் குடியை நிறுத்திய சில வாரங்களிலேயே ஈரல் தேறத் தொடங்கும். வயிறு பானை போல இறுகி, தொப்புள் பிதுங்கி, காலை அழுத்தினால் குழி விழுந்தால் அது கொழுப்பு இல்லை, வயிற்றில் நீர் கோத்திருக்கிறது. அதோடு கண் மஞ்சளோ, கறுப்பு மலமோ, ரத்த வாந்தியோ இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அசதிக்குக் குடிக்கிறேன் என்கிறீர்கள். குடி முதலில் தூக்கத்தைத் தரும், பின்னிரவில் அதைக் கெடுக்கும். மூன்று மணிக்கு நாக்கு வறண்டு விழிப்பீர்கள், குறட்டையும் கூடும். மறுநாள் கட்டிங் டேபிள் முன்னால் நிற்கும்போது வருகிற அசதியில் ஒரு பங்கு முந்தின இரவின் குவார்ட்டருடையது. அதற்கு மருந்தென்று மறுபடி அதையே குடிக்கிறீர்கள்.

நிறுத்துவதற்கு முன் ஒன்று கேட்கிறேன். அக்டோபர் 2 அன்று கடை மூடியிருக்குமே, முன்கூட்டி வாங்கி வைக்காவிட்டால் அன்று உங்களுக்கு என்ன ஆகிறது? கை நடுங்குகிறதா, வியர்க்கிறதா, படபடக்கிறதா? ஆம் என்றால் தன்னிஷ்டத்துக்குத் திடீரென்று நிறுத்தாதீர்கள். நடுக்கம் முதல் நாளில் வரும். முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதன்பின் புத்தி தடுமாறி, இல்லாத உருவங்கள் தெரியும் நிலையும் வரலாம், அது உயிருக்கே ஆபத்து. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போனால் மாத்திரை கொடுத்து, பி1 வைட்டமின் ஏற்றி, சில நாளில் பக்குவமாக நிறுத்த வைப்பார்கள். போகக் கூச்சமாக இருந்தால் முதலில் 14416க்குப் பேசுங்கள். அது அரசு நடத்தும் இலவச மனநல எண், தமிழில் பேசலாம்.

நடுக்கம் எதுவும் இல்லையென்றால் தேதி குறித்து முழுதாக நிறுத்துங்கள். பாதிக் குவார்ட்டர், சனிக்கிழமை மட்டும் என்ற பேரத்தை நான் ஏற்கவில்லை. ஆறு வருடம் தினமும் குடித்தவருக்கு அந்தப் பேரம் நிற்காது. சம்பளச் சனிக்கிழமையிலேயே உடைந்துவிடும். பணத்தை அன்று மனைவி கையில் கொடுத்துவிட்டு மறுவேலை பாருங்கள். எட்டரை மணிக்குக் கொலைப்பசியோடு வெளியே வந்தால் கால் தானாகக் கடைப்பக்கம் திரும்பும். ஆறு மணி டீ பிரேக்கில் ஒரு கப் சுண்டலோ இரண்டு அவித்த முட்டையோ சாப்பிடுங்கள். வீட்டுக்கு வேறு தெருவழியாகப் போங்கள். முதல் இரண்டு வாரம் தூக்கம் பிசகும், இனிப்பு மேல் ஆசை வரும். பழம் சாப்பிடுங்கள், குடியை விட்ட கையோடு ஸ்வீட் பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள். நடையை விடாதீர்கள். ஒரு மாதம் கழித்து வாரத்தில் இரண்டு நாள் தண்டால், உட்கார்ந்து எழுதல் சேர்த்துக்கொள்ளலாம். ஜிம்முக்குக் கட்ட இருந்த பணம் மிச்சம்.

இரவுச் சாப்பாடு ஒன்பதேகாலுக்குள். மூன்று இட்லியோ இரண்டு சப்பாத்தியோ, அளவாகச் சோறோ. பாசிப்பயறு அல்லது முட்டை, கூட ஒரு கீரை. மகளோடும் மனைவியோடும் ஒரே நேரத்தில் தட்டு வைத்து உட்காருங்கள். இது பழைய காலத்துப் பேச்சு என்று யாராவது சொல்லலாம். தகப்பன் என்பவன் குழந்தை விழித்திருக்கும்போது வீட்டில் இருந்து, அவள் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சாப்பிட வேண்டியவன். சம்பளம் கொண்டுவருவதால் மட்டும் அந்தக் கடமை தீர்ந்துவிடாது. சண்டை போடாத குடிகாரன் என்று உங்களை நீங்களே மெச்சிக்கொள்ளாதீர்கள். உங்கள் மனைவி சண்டை போடாமல் இருக்கிறார் என்பதுதான் உண்மை.

இன்று ஆறு மணி டீ பிரேக்கில் வீட்டுக்குப் போன் செய்து, சோற்றில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், வந்து சாப்பிடுகிறேன் என்று சொல்லுங்கள். எட்டரைக்குச் செய்துகொள்ளலாம் என்று தள்ளாதீர்கள், அந்நேரம் நண்பர்கள் வண்டியை ஸ்டார்ட் செய்து காத்திருப்பார்கள்.