கேளுங்கள், சொல்கிறோம்: குளிரில் தங்கச் சுரங்க ஊர்களுக்குக் கேரவன் பயணம்

கேள்வி: மகன் மெல்போர்னில் வேலையில் இருக்கிறான். ஜூலையில் நாங்கள் போகும்போது கேரவன் (காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் வண்டிவீடு) எடுத்து அந்தக் காலத்துத் தங்க வயல் ஊர்களைச் சுற்றலாம் என்கிறான். அங்கே அப்போது குளிர்காலமாம். அறுபது தாண்டிய எங்களுக்கு ஒத்துவருமா?
- வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: தாராளமாகப் போய்வாருங்கள். இரவில் 2, 3 டிகிரிக்கு இறங்கும், சில நாள் விடியலில் புல்மேல் உறைபனி கிடக்கும், ஊட்டி ஜனவரியைத் தாங்கியவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. ஆனால் தினம் ஓர் ஊர் என்று கேரவனை இழுத்துக்கொண்டு ஓடவே கூடாது என்று மகனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். காசில்மெயின் என்ற பழைய தங்க வயல் ஊரில் மூன்று நான்கு நாள் அதை நிறுத்திவிட்டுக் காரில் மட்டும் சுற்றுங்கள். பெண்டிகோ 40 கி.மீ. தான், மால்டன் அதில் பாதிகூட வராது. கரண்ட் இணைப்புள்ள இடமாகக் கேட்டு வாங்கினால் ராத்திரி ஹீட்டர் ஓடும். குளிருக்காகக் கேஸ் அடுப்பைப் பற்றவைத்து ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்காதீர்கள், அதில் கிளம்பும் கண்ணுக்குத் தெரியாத நச்சுவாயு உயிரையே எடுத்துவிடும். அதே அடுப்பில் அரிசிம்பருப்பு சாதம் வைத்துச் சுடச்சுடச் சாப்பிடுங்கள், அந்தக் குளிருக்கு அதுதான் சரி.

1851இல் அங்கே, விக்டோரியா மாகாணத்தில், தங்கம் கிடைத்ததும் உலகமே திரண்டு போனது. பல்லாரட்டில் தங்கம் தோண்ட வாங்கிய உரிமக் கட்டணக் கொடுமையை எதிர்த்துச் சுரங்கக்காரர்கள் 1854 டிசம்பர் 3 அன்று யுரேகா என்ற இடத்தில் உயிரைக் கொடுத்தார்கள். அங்கே கப்பலில் வந்து இறங்கும் சீனர்கள்மேல் தலைக்கு 10 பவுண்டு வரி போட்டதும், அவர்கள் பக்கத்து மாகாணத்து ரோப் துறைமுகத்தில் இறங்கி, 400 கி.மீ.க்கு மேல் நடந்தே வந்தார்கள். பெண்டிகோவில் அவர்களுக்கான அருங்காட்சியகம் இருக்கிறது, அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

மோலியாகுல் பக்கமும் ஒரு நடை போங்கள். 1869இல் டீசன், ஓட்ஸ் என்ற இருவருக்கு அங்கே ஒரு மரத்தடியில், மண்ணுக்கு ஓரங்குலம் கீழே, 70 கிலோவுக்கு மேல் தங்கம் ஒரே கட்டியாகக் கிடைத்தது. பக்கத்து ஊரான டனோலியில் இருந்த தராசு அதற்குப் பற்றாமல், பட்டடைக் கல்லில் வைத்து உடைத்துத்தான் எடை போட்டார்கள். காட்டில் பழைய குழிகள் மூடாமலே கிடக்கும், பாதையை விட்டு இறங்காதீர்கள். பொழுது சாயும் முன்னே திரும்பிவிடுங்கள், கங்காரு குறுக்கே பாயும்.

கேள்வி: அவ்வளவு தூரம் போக வசதியில்லை. நம்ம பக்கம் அப்படி ஏதாவது உண்டுங்களா?
- வாசகர், சத்தியமங்கலம்

பதில்: உண்டுங்க. கூடலூரைத் தாண்டித் தேவாலா, பந்தலூர். விக்டோரியாவில் சுரங்கத்துறைச் செயலாளராக இருந்த பிரௌ ஸ்மித் இங்கே வந்து 1879-80இல் ஆராய்ந்து எழுதிய அறிக்கைக்குப் பின்னால் லண்டனில் கம்பெனிகள் சரசரவென்று முளைத்தன, பங்குகள் பறந்தன, சில வருஷத்திலேயே எல்லாம் சரிந்தும் போயின. பாறையில் தங்கம் இருந்தது, செலவுக்குக் கட்டுகிற அளவுக்கு இல்லை. ஜூலையில் அங்கே மழை கொட்டும், டிசம்பர், ஜனவரியில் போங்கள். நீலகிரிக்கு இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சுரங்க வாய்களுக்குள் மட்டும் நுழையவே நுழையாதீர்கள், உள்ளே போய் உயிரை விட்டவர்கள் உண்டு.