அணிக்கு சென்டர் இல்லை என்றால் உங்கள் பையனை எடுத்துவிடுவார்களா?

கேள்வி: ஸ்கார்பரோவில் இருக்கிறேன். அக்கா மகன் அமெரிக்காவில் ஒரு கல்லூரிக் கூடைப்பந்து அணியில் சென்டர் (கூடைக்கருகே ஆடும் உயரமான ஆள்) ஆடுகிறான். உயரம் 6 அடி 10 அங்குலம், மூன்றாம் ஆண்டு, ஸ்டூடன்ட் விசா. ஆட்டத்துக்கு 18 புள்ளி, 10 ரீபவுண்ட் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுக்கிறான். ஒரு ஏஜென்ட்டின் ஆள் வந்து, "இந்த என்.பி.ஏ. அணிக்கு சென்டரே இல்லை, முதல் சுற்றிலேயே எடுத்துவிடுவார்கள், இந்த வருடமே டிராஃப்டுக்குப் பெயர் கொடு" என்கிறார். கொடுக்கலாமா?

டிராஃப்ட் என்பது, என்.பி.ஏ. என்கிற தொழில்முறை லீக்கின் அணிகள் புது வீரர்களை முறைவைத்து இரண்டு சுற்றில் தேர்ந்தெடுப்பது. பெயர் கொடுக்கலாம், தவறில்லை. ஆனால் அந்த ஆள் சொல்கிற காரணத்தை நம்பிக் கொடுக்க வேண்டாம். அவர் நீட்டுகிற எந்தத் தாளிலும் கையெழுத்தும் வேண்டாம்.

அணியில் சென்டர் இல்லை என்பதற்காக மட்டும் டிராஃப்டில் ஒரு சென்டரை எடுக்க மாட்டார்கள். இன்னொரு அணியிடம் ஆள் மாற்றிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு அனுபவஸ்தர் ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். கோடை முடிவதற்குள் அந்த இடம் நிரம்பிவிடும். முதல் சுற்றில் ஒருவனை எடுத்தால் இரண்டு வருடச் சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும் என்பதால், அவர்கள் போடுகிற கணக்கு வேறு. எங்களிடம் ஏற்கெனவே இருக்கிற கார்டுக்கும் (பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிறவர்) பவர் ஃபார்வர்டுக்கும் (சென்டருக்குத் துணையாக முன்னால் ஆடுகிறவர்) எது குறைகிறது, அது இந்தப் பையனிடம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

ஸாக் ஈடியை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் டொராண்டோ பையன்தான். 7 அடி 4 அங்குலம், சுமார் 300 பவுண்டு. பர்டியூ பல்கலைக்கழகத்துக்காக ஆடி 2023, 2024 என்று இரண்டு வருடமும் அமெரிக்காவின் சிறந்த கல்லூரி வீரர் விருதை வாங்கினார். அப்படியும் அவரை முதல் பத்துக்குள் வைக்கப் பலர் தயங்கினார்கள். மெம்பிஸ் கிரிஸ்லீஸ் அணி 2024 டிராஃப்டில் ஒன்பதாவது ஆளாக அவரை எடுத்தது. அந்த அணியின் சென்டர் ஸ்டீவன் ஆடம்ஸ் முழங்கால் காயத்தால் அதற்கு முந்தைய சீசனில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. சீசன் நடுவிலேயே அவரை ஹூஸ்டன் அணிக்கு அனுப்பிவிட்டார்கள். மெம்பிஸின் அப்போதைய கார்டு ஜா மொரான்ட், பந்தோடு உள்ளே பாய்கிறவர். அவரை விரட்டி வருகிறவனை மறித்து நிற்க அகலமான ஒரு உடம்பு வேண்டும். அப்போதைய பவர் ஃபார்வர்ட் ஜாரன் ஜாக்சன் ஜூனியர் 2023-ல் லீக்கின் சிறந்த தடுப்பாட்டக்காரர், தூரத்திலிருந்தும் போடுவார். ஆனால் ரீபவுண்ட் என்று வந்தால் ஆட்டத்துக்கு ஆறுகூடத் தேறாது. ஆக, மறிப்பதற்கும் ரீபவுண்டுக்கும் ஒரு ஆள் தேவைப்பட்டது. ஈடி அதற்குச் சரியாகப் பொருந்தினார்.

கல்லூரியில் கடைசி வருடம் ஆட்டத்துக்கு 25.2 புள்ளி எடுத்தவர், மெம்பிஸில் முதல் சீசனில் 9.2 புள்ளிதான் எடுத்தார். ரீபவுண்ட் 8.3. அதுவே அவரை அந்த ஆண்டின் சிறந்த புதுமுக ஐவரில் ஒருவராக்கியது. 27 வெற்றியோடு நின்ற அணி 48-க்கு ஏறியது (மொரான்ட் திரும்பி வந்ததும் அதற்குப் பெரிய காரணம்). அவரிடம் யாரும் 25 புள்ளி கேட்கவே இல்லை.

அதனால் உங்கள் மருமகனின் 18 புள்ளியை வைத்து வீட்டில் கணக்குப் போடாதீர்கள். 2024 கல்லூரி இறுதி ஆட்டத்தைப் பாருங்கள். பர்டியூவின் 60 புள்ளியில் ஈடி மட்டும் 37. ஆனால் கனெக்டிகட் 75 எடுத்து ஜெயித்தது. ஈடி போட்டால் போடட்டும் என்று பெரும்பாலும் ஒரே ஆளை அவர் மேல் விட்டுவிட்டு, மற்றவர்களை மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து எறிய விடாமல் பார்த்துக்கொண்டார்கள். நன்றாக எறியக்கூடிய அந்த அணி, அன்று மூன்று புள்ளிக்கு முயன்றதே ஏழு தடவை, விழுந்தது ஒன்று. என்.பி.ஏ. ஆட்கள் இந்த மாதிரி விஷயத்தைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார்கள்.

கல்லூரியில் கொடிகட்டிப் பறந்த சென்டர்கள் டிராஃப்டில் சறுக்குவது புதிதல்ல. 2021-ன் சிறந்த கல்லூரி வீரர் லூக்கா கார்ஸா 52-வது ஆளாகப் போனார். 2022-ல் அதே விருதை வாங்கிய ஓஸ்கார் சிப்வேயை 2023 டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை. கல்லூரி ஆட்டத்தில் சென்டர் தன் கூடைக்கடியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். என்.பி.ஏ.வில் பக்கத்தில் எதிராளி இல்லாமல் அங்கே மூன்று நொடிக்கு மேல் நிற்கக் கூடாது. அப்புறம், எதிரணி கார்டு ஒவ்வொரு முறையும் அவனை வெளியே இழுத்து வருவான். உங்கள் மருமகனின் பழைய ஆட்டம் ஒன்றைப் போட்டு, பந்தைப் பார்க்காமல் அவன் காலை மட்டும் பாருங்கள். எதிரணி கார்டு இரண்டு அடி எடுத்து வைப்பதற்குள் இவன் திரும்பிவிடுகிறானா? திரும்பவில்லை என்றால், எந்த அணிக்கு சென்டர் இல்லை என்ற பேச்சே தேவையில்லை.

இனி அந்த "ஏஜென்ட்டின் ஆள்". இவர்களை அங்கே ரன்னர் என்பார்கள். ஏஜென்ட்டுக்காகப் பையனையும் வீட்டையும் வளைத்துப் பிடிக்கிற வேலை. இவர்களுக்கு உரிமம் கிடையாது, நாளை ஏதாவது ஆனால் பொறுப்பும் கிடையாது. 2017-ல் எஃப்.பி.ஐ. கல்லூரிக் கூடைப்பந்தில் கை வைத்தபோது நான்கு கல்லூரிகளின் உதவிப் பயிற்சியாளர்கள் லஞ்சப் புகாரில் கைதானார்கள். அந்த வழக்கின் நடுவில் இருந்ததே இப்படிப்பட்ட ஒரு ரன்னர்தான். "அந்த அணியில் எனக்கு ஆள் இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால், அந்த அணி பையனை நேரில் ஆட வைத்துப் பார்க்க எழுத்தில் அழைத்ததா என்று கேளுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும். கல்லூரிக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால், கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. சான்றளித்த ஏஜென்ட்டோடு மட்டுமே ஒப்பந்தம் போடலாம். வேறு யாரிடமாவது கையெழுத்துப் போட்டால் முதலுக்கே மோசம்: டிராஃப்டில் யாரும் எடுக்காவிட்டாலும் கல்லூரியில் மிச்சமிருக்கிற வருடம் போய்விடும்.

கெடு விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பெயரைத் திரும்பப் பெற என்.சி.ஏ.ஏ. வைக்கும் கடைசி நாள் மே இறுதியில் வரும். என்.பி.ஏ. வைக்கும் கடைசி நாள் ஜூன் நடுவில். ரன்னர் இரண்டாவதைத்தான் சொல்வார். அதை நம்பி ஜூனில் விலகினால் கல்லூரிக் கதவு சாத்தியாகிவிட்டிருக்கும். ஒரே காரியத்துக்கு இரண்டு அமைப்புகள் இரண்டு தேதி வைத்துக்கொண்டு, இருபது வயதுப் பையனை நடுவில் தவிக்க விடுவதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. உட்கார்ந்து பேசினால் ஒரு மதியத்தில் சரிசெய்துவிடலாம். செய்ய மாட்டேன் என்கிறார்கள்.

ஸ்டூடன்ட் விசா என்று எழுதியிருக்கிறீர்கள். 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் வைத்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம். 2025-லிருந்து கல்லூரிகளே நேரடியாகப் பணம் கொடுக்கின்றன. "இன்னொரு வருடம் கல்லூரியில் இருந்தால் நல்ல காசு" என்று பலர் சொல்வது இதனால்தான். ஆனால் எஃப்-1 என்கிற ஸ்டூடன்ட் விசாவில் இருக்கிற கனடியப் பையனுக்கு அது அப்படியே பொருந்தாது. அந்த விசாவில் வேலை செய்யக் கடுமையான கட்டுப்பாடு உண்டு. அமெரிக்காவில் நின்று விளம்பரப் படம் எடுத்தால் அது வேலையாகக் கருதப்படலாம், விசாவே போகலாம். நாட்டின் சிறந்த வீரராக இருந்தும் ஈடியால் மற்றவர்களைப் போல அந்தப் பணத்தைத் தொட முடியவில்லை. அமெரிக்கக் குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. இல்லாதவர்களிடம்தான், "பணத்தை டொராண்டோவில் மாமா கணக்கில் போடுகிறேன்" என்று வருவார்கள். அந்த மாமா நீங்கள்தான். ஒரு டாலர்கூட வாங்காதீர்கள். கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேளுங்கள், குடிவரவு வழக்கறிஞர் ஒருவரைக் காசு கொடுத்துப் பாருங்கள். இந்தச் சட்டத்தைத் திருத்தாமல் இவ்வளவு வருடம் இழுத்தடிப்பது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்கிற அநியாயம்.

சரி, என்ன செய்யலாம்? ஈடி 2023-ல் செய்ததைச் செய்யலாம். அந்த வருடமும் பெயர் கொடுத்தார். அணிகள் என்ன சொல்கின்றன என்று கேட்டுவிட்டு, என்.சி.ஏ.ஏ. கெடுவின் கடைசி நாளில் விலகிப் பர்டியூவுக்கே திரும்பினார். அடுத்த வருடம் ஒன்பதாவது இடம். உங்கள் மருமகன் தன் பயிற்சியாளர் மூலமாக என்.பி.ஏ.வின் ஆலோசனைக் குழுவிடம் மதிப்பீடு கேட்கட்டும். எந்தச் சுற்றில் போகக்கூடும் என்று சொல்வார்கள், காசு கிடையாது. "முதல் சுற்று" என்று வந்தால் நல்ல ஏஜென்ட்டாகப் பார்த்து யோசிக்கலாம். "இரண்டாம் சுற்று" அல்லது "எடுக்க மாட்டார்கள்" என்று வந்தால், என்.சி.ஏ.ஏ. சொன்ன தேதிக்கு ஒரு வாரம் முன்பே பெயரைத் திரும்பப் பெற்று, விலகல் கடிதத்தின் நகலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.