சாப் கார்: ஏன் நின்றுபோனது, இருப்பதை எப்படிக் காப்பது?

கேள்வி: ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கியதால்தான் ஸ்வீடன் நாட்டு கார் நிறுவனமான சாப் அழிந்ததா?

பதில்: பெரும்பங்கு அதற்குத்தான். 1990இல் பாதியையும் 2000இல் மீதியையும் வாங்கினார்கள். ஆனால் 1997இல் வந்த 9-5 மாடலுக்கு அடுத்த தலைமுறை 2010இல்தான் வந்தது. நடுவில் சுபாரு இம்ப்ரேசாவை முகம் மாற்றி 9-2எக்ஸ் என்று விற்றார்கள். சாப் என்று நம்பி வருபவருக்குச் செய்யக்கூடிய காரியமா அது?

கேள்வி: 2010இல் நெதர்லாந்து கார் நிறுவனமான ஸ்பைக்கர் வாங்கியும் பிழைக்கவில்லையே?

பதில்: ஆலை கைமாறியது, தொழில்நுட்ப உரிமை ஜெனரல் மோட்டார்ஸிடமே இருந்தது. சப்ளையர்களுக்குப் பணம் போகாமல் 2011 ஏப்ரலில் உற்பத்தி நின்றது. சீன முதலீட்டாளர்கள் முன்வந்தபோது, அவர்கள் கைக்குப் போனால் உரிமம் தொடராது என்று ஜெனரல் மோட்டார்ஸ் மறுத்துவிட்டது. டிசம்பர் 19இல் திவால்.

கேள்வி: 2001 மாடல் 9-5, 2.3 டர்போ. பழையதாக வாங்கலாமா?

பதில்: ஆயில் பேனை (இஞ்சின் அடியிலுள்ள ஆயில் தட்டு) இறக்கிப் பார்க்காமல் வாங்காதீர்கள். 2003 வரையிலான இந்த இஞ்சின்களில் கிராங்க்கேஸ் காற்றோட்டம் (பிசிவி) போதாது. பேனுக்கு அருகிலேயே புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் சூடு வேறு. ஆயில் கசடாகி, உறிஞ்சுகுழாயின் வலையை அடைக்கும். அழுத்தம் குறைந்தால் பேரிங்கும் டர்போவும் போய்விடும். ஐடிலில் ஆயில் விளக்கு மினுங்கினால் உடனே இஞ்சினை நிறுத்துங்கள். வலையைக் கழுவி, உறிஞ்சுகுழாய்க்குப் புது ஓ-ரிங் போட்டு, பிசிவி குழாய்களைக் கடைசியாக வந்த திருத்த வகைக்கு மாற்றுங்கள். பிறகு முழு சிந்தடிக் ஆயில் மட்டும், 8,000 கி.மீ.க்கு ஒருமுறை. வலையை விட்டுவிட்டு ஆயிலை மட்டும் மாற்றுவது வீண் செலவு.

கேள்வி: அதே இஞ்சின், சூடானதும் நின்றுவிடுகிறது; ஆறினால் கிளம்புகிறது. இக்னிஷன் கேசட் (ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் பெட்டி) போய்விட்டதா?

பதில்: முதலில், கிராங்க்ஷாஃப்ட் சுழற்சியை இஞ்சின் கணினிக்குச் சொல்லும் கிராங்க்ஷாஃப்ட் சென்சரைப் பாருங்கள், இது அதன் அடையாளம். கேசட் கெட்டால் பெரும்பாலும் சிலிண்டர் மிஸ் ஆகி, செக் இஞ்சின் விளக்கு மினுங்கும். கேசட்டைக் கழற்ற டி30 டார்க்ஸ் போதும். வெளியே எடுத்ததும் நிமிர்த்தியே வையுங்கள், கவிழ்க்காதீர்கள். இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி டிரையோனிக் 7 என்றால் கறுப்பு கேசட், டிரையோனிக் 5 என்றால் சிவப்பு. ஒன்றுக்கு மற்றது ஆகாது.

கேள்வி: பாகங்கள் கிடைக்குமா?

பதில்: ஓடும் பாகங்களுக்குப் பயமில்லை. 2003க்குப் பிந்தைய 9-3 ஓப்பல் வெக்ட்ராவோடும், 2010இன் 9-5 இன்சிக்னியாவோடும் பிரேக், சஸ்பென்ஷன் பாகங்கள் பலவற்றைப் பகிர்கின்றன. விளக்கு, கண்ணாடி, பாடி பேனல்தான் அரிது, அதிலும் 2010இன் 9-5க்கு. இந்த 9-3 வைத்திருப்பவர் இரண்டாவது சாவியை இப்போதே ஜெனரல் மோட்டார்ஸின் பழுதறியும் கருவியான டெக்2-ஆல் பதிவு செய்துகொள்ளுங்கள். இருக்கும் ஒரே சாவியும் தொலைந்தால் ஸ்டியரிங் அடியிலுள்ள, சாவியை அடையாளம் காணும் சிஐஎம் மாட்யூலையே மாற்ற நேரும்.