பெல்லினி ஏன் பொங்கி வழிந்தது?

கேள்வி: போன கோடையில் வெனிஸ் போனபோது ஹாரிஸ் பாரில் பெல்லினி குடித்தோம், பீச் பழக்கூழில் நுரைக்கும் ஒயினை ஊற்றிச் செய்யும் பானம். வரும் ஆகஸ்டில் அம்மா அப்பாவின் 40-வது திருமண நாள். அன்று வீட்டிலேயே செய்து பதினைந்து பேருக்குக் கொடுக்க ஆசை. ஒத்திகை பார்த்தேன். டின்னில் வரும் பீச்சை மிக்ஸியில் அடித்து, விலை உயர்ந்த ஷாம்பெயினை அதில் ஊற்றினேன். பாதி நுரையாகப் பொங்கி மேசையெல்லாம் ஓடியது. மீதி அடியில் கூழும் மேலே தண்ணீருமாகப் பிரிந்து நின்றது. எங்கே தப்பு? பீச்சுக்குப் பதில் மாம்பழம் போடலாமா? அம்மா மது தொட மாட்டார், அவருக்கு என்ன கொடுப்பது?
– ஒரு வாசகி, சூரிச்

பதில்: ஷாம்பெயினுக்கு நீங்கள் கொடுத்த காசை நினைத்தால் எனக்கே வயிற்றெரிச்சலாக இருக்கிறது. பெல்லினிக்கு அது தேவையே இல்லை. ஷாம்பெயின் பாட்டிலுக்குள்ளேயே ஈஸ்ட்டோடு மாதக்கணக்கில் கிடந்து பக்குவப்படுவது. அதனால் வரும் ரொட்டி வாசனைக்குத்தான் அந்த விலை. அதன் மேல் பழக்கூழைக் கொட்டினால் இரண்டுமே வீண். வாங்க வேண்டியது ப்ரொசெக்கோ. வெனிஸைச் சுற்றியுள்ள வட்டாரத்து ஒயின், பெரிய எஃகுத் தொட்டியில் நுரைக்க வைப்பதால் பழ வாசனை அப்படியே நிற்கும், விலையும் குறைவு. லேபிளைப் படிக்கும்போது மட்டும் கவனம்: ‘எக்ஸ்ட்ரா ட்ரை’, ‘ப்ரூட்’ இரண்டும் இனிப்பின் அளவைக் குறிக்கும் சொற்கள். ‘எக்ஸ்ட்ரா ட்ரை’ என்று போட்டிருந்தால் அது ‘ப்ரூட்’டை விட இனிப்பானது. ஒயின் பேச்சில் ‘ட்ரை’ என்றால் இனிப்பில்லாதது, அதனால் பெயரைப் பார்த்தால் நேர்மாறாகத் தோன்றும், பலர் ஏமாறும் இடம் இது. உங்கள் பழம் நன்றாகப் பழுத்திருந்தால் ப்ரூட் போதும்.

சரி, பழத்துக்கு வருவோம். பெல்லினியில் எல்லாமே பழம்தான். டின் பீச் பெரும்பாலும் மஞ்சள் ரகம், சர்க்கரைப் பாகில் ஊறியது. அதில் அந்த இளஞ்சிவப்பு ஒருநாளும் வராது. ஹாரிஸ் பாரை 1931-இல் தொடங்கிய ஜுசெப்பே சிப்ரியானி இந்தப் பானத்துக்கு ஓவியர் ஜொவான்னி பெல்லினியின் பெயரை வைத்ததே நிறத்துக்காகத்தானாம். அவர் ஓவியம் ஒன்றில் ஒரு துறவியின் அங்கி இந்த நிறத்தில் இருந்ததாகச் சொல்வார்கள். அதற்கு வெள்ளைச் சதை கொண்ட பீச் வேண்டும். ஆகஸ்டில் இத்தாலியப் பழம் உங்கள் ஊர்க் கடைகளுக்கே வரும். காம்புப் பக்கம் மூக்கை வைத்தால் வாசனை அடிக்க வேண்டும், விரலால் அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும். கல் மாதிரி இருந்தால் இரண்டு நாள் வெளியே வைத்துப் பழுக்க விடுங்கள்.

மிக்ஸியைத் தொடாதீர்கள். அது கூழுக்குள் காற்றை ஏற்றிவிடுகிறது, பழமும் சீக்கிரம் கறுக்கும். கொதிநீரில் அரை நிமிடம், உடனே ஐஸ் தண்ணீரில் போட்டால் தோல் கையோடு வரும். கொட்டையைச் சுற்றியுள்ள சிவப்புச் சதையை விட்டுவிடாதீர்கள், நிறம் அதில்தான் இருக்கிறது. பிறகு சல்லடையில் போட்டுக் கரண்டியின் முதுகால் தேய்த்து இறக்குங்கள். கை வலிக்கும், ஆனால் நார் எல்லாம் மேலே நின்று பட்டுப் போன்ற கூழ் கீழே விழும். உடனே எலுமிச்சைச் சாறு சில துளி விடுங்கள், பழுப்பு நிறம் ஏறாது. ருசி பார்த்து, புளித்தால் மட்டும் கொஞ்சம் சர்க்கரைப் பாகு. நிறம் போதவில்லை என்றால் ராஸ்பெர்ரி இரண்டை நசுக்கிச் சேர்ப்பதில் தப்பில்லை, பல பார்களிலும் அதைத்தான் செய்கிறார்கள்.

இனி பொங்கியது ஏன் என்று பார்ப்போம். கூழில் உள்ள நுண்ணிய துகள் ஒவ்வொன்றும் வாயு வெளியேற ஓர் இடம். ஒயின் வெதுவெதுப்பாக இருந்தால் வாயு இன்னும் வேகமாகக் கிளம்பும். அதனால் கூழ், ஒயின், கிளாஸ் மூன்றும் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். கிளாஸில் முதலில் கூழ். சாய்த்துப் பிடித்து, ஒயினில் கால்வாசியை மட்டும் ஓரமாக இறக்கி, நீளக் கரண்டியால் கீழிருந்து மேலாக ஒருமுறை கிளறுங்கள். நுரை அடங்கட்டும். அப்புறம் மீதியை ஊற்றுங்கள். முதல் கால்வாசியிலேயே கூழ் கரைந்துவிட்டால் பிறகு பிரியாது. நீள ஃப்ளூட் கிளாஸ் வேண்டும் என்றில்லை. நீங்களே பார்த்திருப்பீர்கள், ஹாரிஸ் பாரில் காலில்லாத சின்ன கிளாஸில்தான் தருகிறார்கள்.

அளவு: சர்வதேச பார்டெண்டர்கள் சங்கத்தின் கணக்கு 50 மில்லி கூழுக்கு 100 மில்லி ப்ரொசெக்கோ. எனக்கு அது கொஞ்சம் கெட்டி, ஒன்றுக்கு மூன்று என்று ஊற்றினால் ஒயினின் சுவையும் நாக்குக்குத் தெரியும். பதினைந்து கிளாஸுக்கு 750 மில்லி பாட்டில் மூன்று வாங்குங்கள், பொங்கி வீணாவதற்கும் சேர்த்து. பழம் ஒன்றரைக் கிலோ. கூழை முந்தின வாரமே செய்து ஃப்ரீஸரில் வைக்கலாம், விருந்தன்று காலையில் எடுத்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றினால் போதும். பழச்சாறு மாதிரி இறங்கும் பானம் இது, கார் ஓட்டி வருபவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மாம்பழம் போடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் அதன் வாசனை ப்ரொசெக்கோவை அமுக்கிவிடும், கூழும் கெட்டி. 30 மில்லிக்கு மேல் போடாமல், எலுமிச்சையைக் கொஞ்சம் தாராளமாக விடுங்கள். பெல்லினி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். இத்தாலியர்கள் ஸ்ட்ராபெர்ரி போட்டால்கூட அதை ரோசினி என்று வேறு பெயரில்தான் அழைக்கிறார்கள்.

அம்மாவுக்கு அதே பீச் கூழில் நன்றாகக் குளிர்ந்த சோடாவை இதே முறையில் ஊற்றி, பாகு ஒரு ஸ்பூன் கூடுதலாகச் சேருங்கள். டானிக் வாட்டர் வேண்டாம், கசக்கும். பார்வைக்கு இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. தட்டு கைமாறும் கூட்டத்தில் குழப்பம் வரும், அதனால் அம்மாவின் கிளாஸில் மட்டும் அடையாளத்துக்கு ஒரு புதினா இலை செருகிவிடுங்கள்.