வாவிக்கு அக்கரையில் ‘அருகில்’

மட்டக்களப்பில் சொந்த ஆர்வத்தில் இணைய வரைபடங்களைத் திருத்திவரும் ஒருவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கொக்கட்டிச்சோலையிலிருந்து: அண்ணா, கிட்ட ஏடிஎம் எங்கே எண்டு தேடினால் போன் ஒன்றைக் காட்டுது. போய்ப் பார்த்தால் நடுவில வாவி!

வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைக்காரர் பலருக்கும் நடந்ததுதான், தங்கச்சி. தேடல் பட்டியலில் வரும் தூரம் பல செயலிகளில் நூல் பிடித்த மாதிரி நேர்கோட்டில் அளந்தது. குறுக்கே வாவி கிடப்பது அந்தக் கணக்கில் வராது. வழி கேட்கும் பொத்தானை ஒருதரம் அமத்துங்கள், பாலத்தால் சுற்றிப் போகும் உண்மையான தூரம் அப்போதுதான் வரும். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபிறகு உங்களுக்கு அக்கரை ஆரையம்பதிக்குப் போவது பரவாயில்லை. ‘பாதை’ என்ற மிதவையில் ஏறி வாவி கடக்கும் துறைகளில்தான் கவனம் வேண்டும். வரைபடம் கோடு போட்டுக் காட்டும், ஆனால் பாதைக்காரர் வீட்டுக்குப் போய்விட்டாரா என்பது அதற்குத் தெரியாது.

காத்தான்குடியிலிருந்து: ‘திறந்துள்ளது’ எண்டு காட்டின பாமசி பூட்டிக் கிடந்தது, அண்ணன்.

என்ன கிழமை போனீர்கள்? வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரமென்றால் அதுதான் காரணம். நேரத்தைப் பதிவது பெரும்பாலும் கடைக்காரர். ஒருமுறை போட்டுவிட்டு மறந்துவிடுவார். பௌர்ணமி விடுமுறையான போயா நாளும் அப்படித்தான். புறப்பட முன் ஒரு கோல் எடுங்கள்.

கல்லடியிலிருந்து: எங்கட ஒழுங்கைக்குப் பெயரே இல்லை. அம்புலன்ஸுக்கு எப்படிச் சொல்றது?

1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு எடுங்கள், சேவை இலவசம். கோவில், பள்ளிக்கூடம், பெரிய ஆலமரம் என்று அடையாளம் சொல்லி, ஒருவரை ஒழுங்கை முகப்பில் நிறுத்துங்கள். ஆறுதலாக இருக்கும் நாளில் கூகுள் வரைபடத்தில் வீட்டின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ‘பிளஸ் கோட்’ வரும். ஏறத்தாழ 14 மீற்றர் சதுரத்துக்கு ஒரு குறியீடு. விலாசம் இல்லாத வீட்டுக்கும் உண்டு. எழுதிக் கதவில் ஒட்டிவையுங்கள்.

ஏறாவூரிலிருந்து: ஸ்மார்ட் சிற்றி எங்களுக்கு எப்ப வரும்?

கமராக் கம்பம் நட்டுத்தான் தொடங்க வேண்டும் என்றில்லை. என்னைக் கேட்டால் முதல் வேலை பஸ் நேர அட்டவணை. அதைச் செயலிகள் வாசிக்கும் ‘ஜிடிஎஃப்எஸ்’ என்ற பொது வடிவம் 2006இலேயே வெளிவந்துவிட்டது. அந்த வடிவில் நேரத்தை வெளியிட்டால், கல்முனை பஸ் எப்போது என்று தரிப்பிடத்தில் நிற்பவரை விசாரிக்கத் தேவையில்லை.

செங்கலடியிலிருந்து: டேட்டா இல்லாமல் வரைபடம் பார்க்கலாமா?

பார்க்கலாம். வைஃபை உள்ள இடத்தில் மாவட்டம் முழுவதையும் இறக்கிவையுங்கள். ஜிபிஎஸ் செய்மதியிலிருந்து நேரே வருவது, அதற்கு டேட்டா வேண்டாம். கடைக்காரர் நேரத்தை மாற்றினால் மட்டும் உங்களுக்குத் தெரியவராது.