கண்ணுக்குள் ஒளி மருந்து: நல்ல இரத்தக் குழாய்களும் அடைபடுமா?

கேள்வி: கோபிசெட்டிப்பாளையம் அருகே மஞ்சள் விவசாயம் செய்யும் என் அப்பாருக்கு வயது 71. வலது கண்ணுக்குக் கதவு நிலை வளைந்து தெரிகிறது. விழித்திரைக்கு அடியில் இரத்தக் குழாய் மொட்டுப்போலப் புடைத்திருப்பதாகவும், மூன்று ஊசிகளுக்குப் பிறகும் நீர் வற்றாததால் ஒளி மருந்து சிகிச்சை செய்யலாம் என்றும் மருத்துவர் சொல்கிறார். நல்ல இரத்தக் குழாய்களும் அடைபட்டுவிடாதா?

பதில்: நல்ல குழாய்களுக்கும் ஓரளவு பாதிப்பு உண்டு என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், ஆனால் பெரும்பாலும் அது சில வாரங்களிலோ மாதங்களிலோ சீராகிவிடும்.

வெர்டிபோர்ஃபின் என்னும் மருந்தைக் கையிலுள்ள இரத்தக் குழாய் வழியாக 10 நிமிடங்கள் ஏற்றுவார்கள். இரத்தத்திலுள்ள எல்.டி.எல். கொழுப்போடு சேர்ந்து அது உடல் முழுவதும் சென்றாலும், கோளாறாக முளைத்த குழாய்களின் உட்சுவர் அக்கொழுப்பை அதிகமாக ஈர்ப்பதால் அங்கே கூடுதலாகத் தங்குகிறது. ஏற்றத் தொடங்கிய 15-ஆவது நிமிடத்தில், 689 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பு லேசர் ஒளியை அவ்விடத்தில் மட்டும் 83 விநாடிகள் பாய்ச்சுவார்கள். திசுவைப் பொசுக்கும் பழைய லேசரைப்போல இது சுடுவதில்லை. ஒளி பட்ட மருந்து அருகிலுள்ள ஆக்சிஜனை வீரியமுள்ளதாக மாற்ற, அது உட்சுவரைப் புண்ணாக்க, தட்டணுக்கள் திரண்டு இரத்தம் உறைந்து குழாய் அடைபடுகிறது.

விழித்திரையின் சொந்தக் குழாய்கள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. அடியிலுள்ள கோராய்டு படலத்தின் நுண்குழாய்கள்தாம் ஒளி விழும் வட்டத்துக்குள் சிக்கிக்கொள்கின்றன. அங்கே இரத்த ஓட்டம் குறையும்போது, புதுக் குழாய்களை வளர்க்கும் புரதம் மறுபடி சுரக்கும் என்பதால்தான், அதை அடக்கும் ஊசியையும் சேர்த்துப் போடுகிறோம். அடைபட்ட குழாய் மீண்டும் திறக்கவும் கூடும். ஆகவே மூன்று மாதங்கள் கழித்து, இரத்தத்தில் சாயம் ஏற்றிக் கண்ணின் குழாய்களைப் பார்க்க எடுக்கும் சாயப் படத்தைத் தவறவிடாதீர்கள்.

எனக்குக் கூடுதல் கவலை தருவது சிகிச்சைக்குப் பிந்தைய 5 நாட்கள். மருந்து தோலிலும் தங்கியிருக்கும். களத்தில் காயும் மஞ்சளை ஒரு நடை பார்த்து வருகிறேன் என்று வெயிலில் இறங்கினால், பின்கழுத்தும் புறங்கையும் வெந்துபோகும். சன்ஸ்கிரீன் இதைத் தடுக்காது. ஏனெனில் மருந்தைத் தூண்டுவது கண்ணுக்குத் தெரியும் ஒளியேதான். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போதே முழுக்கைச் சட்டையும் அகன்ற தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிவியுங்கள். அதற்காக அவரை இருட்டறையில் அடைத்துவைக்க வேண்டாம். வீட்டின் சாதாரண வெளிச்சம் தோலிலுள்ள மருந்து செயலிழக்க உதவும்.

கல்லீரல் கோளாறு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மருந்து ஏறும்போது சிலருக்கு இடுப்பு வலிக்கும்; உடனே செவிலியரிடம் கூறச் சொல்லுங்கள். வீட்டில் தினமும் இடது கண்ணை மூடிக்கொண்டு அதே கதவு நிலையை அவர் பார்க்கட்டும். வளைவு கூடினாலோ, முதல் வாரத்தில் பார்வை திடீரென மங்கினாலோ அன்றைக்கே அழைத்துச் செல்லுங்கள்.